நம்மை எண்ணிய பொருட்கள்: டின் டிக்கெட், துண்டு, தராசு, மட்டக்குச்சி

மேட்டுலயம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பழைய தேயிலை ஃபெக்டரிக்குப் போயிருந்தேன். இப்போது அது சுற்றுலாக்காரர்களுக்கான காட்சி இடம். பெரிய ரோதைகள், உருட்டுகிற மெஷின், துரைமார் (தோட்ட மேலாளர்கள்) படங்கள் எல்லாம் துடைத்து மினுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் கொக்கி போட்ட பழைய தராசு ஒன்று. கீழே 'எடை பார்க்கும் கருவி' என்று மட்டும் எழுதியிருந்தது.

அம்மா அதன் முன்னால் நின்றார். நின்றதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் முறை வந்ததும் எல்லாப் பெண்களும் செய்வது அது. கையில் கறையோ ஈரமோ எதுவும் இல்லை, பல வருடப் பழக்கம். பிறகு என்னிடம் கேட்டார்: "இதுல எங்க ஆளுகளுக்கு எவ்வளவு கழிச்சிருப்பாங்க?"

கொழுந்தை நிறுக்கும்போது எடையில் கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இலங்கை மலையகத்து வரலாறு என்று எழுதுகிறவர்கள் ஒப்பந்தம், சட்டம், தலைவர்கள் என்று எழுதுகிறார்கள். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் இந்த 200 வருடமும் நம் ஆட்களின் உடம்பில் பட்டது சில சின்னச் சின்னப் பொருட்கள்: தராசு, கூடைக்கயிறு, செக்ரோல் புத்தகம் (ஆள் வரவும் சம்பளமும் எழுதுகிற பதிவேடு), தப்பு என்கிற பறை, கம்பளி. அவற்றில் பாதி நம்மை எண்ணுவதற்கும் கணக்கு வைப்பதற்கும் செய்யப்பட்டவை. உங்கள் வீட்டில், தோட்டத்தில், நினைவில் அப்படி என்ன பொருள் இருக்கிறது? அது எப்படி வேலை செய்தது? அதை எழுதுங்கள். ஏக்கக் கவிதை வேண்டாம்.

நாணயப்பெட்டி (திருச்சி)

நான் பழைய நாணயம், வில்லை சேர்ப்பவன். என்னிடம் நான்கு டின் டிக்கெட்டுகள் இருக்கின்றன. கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டுவதற்கு வந்த முறை இது. கங்காணி (ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவர்) ஊருக்குப் புறப்படும்போது தோட்டத்தில் இந்தத் தகர வில்லைகளை வாங்கிக்கொண்டு வருவார். கூட்டிப்போகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. 1904இல் எங்கள் திருச்சியில்தான் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிற சிலோன் லேபர் கமிஷன் அலுவலகம் தொடங்கியது. வில்லையைக் காட்டினால் ரயிலும் கப்பலும் வழிச்சாப்பாடும் கிடைக்கும். வில்லையில் இருக்கிற எண்ணைப் பார்த்து, ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும், செலவை யாருக்கு எழுத வேண்டும் என்று முடிவு செய்வார்கள்.

என்னிடம் இருப்பதில் ஒன்றை இப்போது கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பழைய ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் பெரியது, கனமே இல்லை. மேலே கயிறு கோக்க ஓட்டை. எழுத்தும் எண்ணும் அச்சில் அடித்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அதே எண் புடைத்துக்கொண்டு தெரிகிறது. ஆளின் பெயருக்கு அதில் இடமே இல்லை.

கோத்தகிரிக் குளிர்

நாணயப்பெட்டி அண்ணே, அந்த ஓட்டையின் ஓரம் தேய்ந்திருக்கிறதா? கழுத்தில் போட்டிருந்தார்களா, முந்தியில் முடிந்து வைத்திருந்தார்களா என்று அதில் தெரியலாம்.

எங்கள் குடும்பம் அங்கிருந்து திரும்பி வந்தது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பிறகு 1974இல் வந்தது, நாட்டுக்குப் பாதி. எங்கள் அம்மாயி பிறந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில். இந்தியாவை அதுவரை பார்த்ததே இல்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போகிற ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். ஸ்டேசனுக்கு ஸ்டேசன் ஏறுகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள்.

அம்மாயி கொண்டுவந்த தகரப்பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் ஒரு மட்டக்குச்சி இருந்தது. கொழுந்தெடுக்கும்போது செடிக்கு மேல் குறுக்கே வைப்பார்களே, அந்தக் குச்சிதான். அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறதைத்தான் கிள்ள வேண்டும், கீழே கை போனால் மரம் மட்டம் கெட்டுவிடும். இங்கே வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியவர்களுக்கென்று 1968இல் தொடங்கிய தோட்டம் அது. பின்னால் கத்தரி வந்துவிட்டது, மட்டக்குச்சிக்கு வேலையில்லை. ஆனாலும் அம்மாயி அதை எறியவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தது. சின்ன வயதில் நான் அதை எடுத்து விளையாடினால் மட்டும் திட்டும்.

ஊரில் எங்களை இன்றைக்கும் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே இருந்தபோது இந்தியாக்காரர்கள்.

வன்னிப்பாதை (வவுனியா)

ஒரு பொருளாக இல்லாமல் ஒரு பாதையைச் சொல்லலாமா? டின் டிக்கெட்டுக்கு முந்திய காலம் அது. தேயிலைக்கு முன் கோப்பி பயிரிட்ட காலத்தில் ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து வந்த சனம் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தே போனது. தண்ணியில்லாத காடு. கொலரா வந்தால் விழுந்தவர் விழுந்த இடம்தான். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் காட்டுக்குள் சில திட்டிகளைக் காட்டி, அது கண்டிக்குப் போனவர்களைப் புதைத்த இடம் என்பார்கள். கல் கிடையாது, பெயர் கிடையாது.

1897இல் அந்த வடக்குப் பாதை மூடப்பட்டது. பிறகு இந்தியக் கரையில் மண்டபம் முகாம். துணியை அவித்து, ஊசி போட்டு, நாள் கணக்கில் அடைத்து வைத்துத்தான் அனுப்புவார்கள். அதே மண்டபத்தில்தான் யுத்த காலத்தில் எங்கள் சனம் அகதியாகப் போய் இறங்கியது. என் தாய்வழிச் சொந்தம் 1977 கலவரத்தில் மலையிலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்த குடும்பம். தாத்தாவின் தாத்தா மண்டபம் வழியாக வந்தார், பேரன் மண்டபத்துக்கே திரும்பிப் போய் வரிசையில் நின்றான். இரண்டு முறையும் கையில் ஒரு அட்டையும் ஒரு எண்ணும் இருந்தன.

2023 ஜூலை-ஆகஸ்டில் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நடந்தார்களே, அதில் இரண்டு நாள் நானும் நடந்தேன். தார் ரோட்டில், தண்ணீர்ப் போத்தலோடு நடந்ததற்கே கால் கொப்பளித்தது. வழியில் எங்கள் ஊர்ச் சனம் மோர் கொண்டுவந்து கொடுத்தது. வடக்கில் இருக்கிற நாங்கள் மலையகத்தாரை என்னென்ன சொல்லால் அழைத்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். அந்த மோரைப் பார்த்தபோது மனம் கனத்தது.

செக்ரோல் (ஓய்வு பெற்ற தோட்டக் கிளாக்கர்)

பிள்ளைகள் எழுதுவதை இரண்டு நாளாக வாசிக்கிறேன். நான் மேசைக்கு மறுபக்கம் இருந்தவன். 31 வருடம் செக்ரோல் எழுதினேன். அதனால் கொஞ்சம் விவரம் சொல்லலாம்.

முதலில் துண்டு. எங்களுக்கு முந்தின காலம், ஆனால் ஒப்பீசில் பெரிய கிளாக்கர்மார் சொல்லக் கேட்டது. டின் டிக்கெட் ஆளைக் கொண்டுவந்தது, துண்டு ஆளைப் பிடித்து வைத்தது. ஒரு கங்காணியோ தொழிலாளியோ வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், 'இவருக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டினால் விடுவேன்' என்று துரை ஒரு துண்டுக் கடுதாசி எழுதிக் கொடுப்பார். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் அங்கே போய் மறுபடி ஆளின் தலையிலேயே ஏறும். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடன்தான். கடனோடு ஓடிப்போனால் 1865ஆம் வருடத்துச் சட்டப்படி மறியல் (சிறை). துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

இரண்டாவது 'பேர்'. வெளியாட்களுக்கு இந்தச் சொல் விளங்காது. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து வேலைக்குப் போனால் செக்ரோலில் ஒரு பேர் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். மாதக் கடைசியில் 'எனக்கு எத்தனை பேர் ஐயா?' என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். 'பதினெட்டரைப் பேர்' என்று சொல்வேன். செக்ரோலில் ஒரே பக்கத்தில் ஐந்து மாரியாயி இருப்பார்கள், ஆளை எண்ணால்தான் அறிவேன். நல்ல மழை நாளில் நடுங்கிக்கொண்டு வந்தவருக்கும் அரைப்பேர் எழுதியிருக்கிறேன். அது என் கை.

மேட்டுலயம்

ஐயா, நீங்கள் வந்து எழுதியதற்கு நன்றி. 'இன்னைக்கு அம்மாவுக்குப் பேர் இல்ல' என்று வீட்டில் சொன்னால் அன்றைக்குக் கடையில் கடன் கேட்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தில் 'பெயர்ச்சொல்' படித்தபோதுதான் வேறு ஊர்களில் பேர் என்றால் பேர் மட்டும்தான் என்று புரிந்தது.

அம்மாவின் கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். தராசில் ஏன் கழிக்கிறீர்கள்? கூடைக்கு, தண்ணிக்கு, முத்தல் இலைக்கு என்று மூன்று காரணம் சொல்வார்கள். உள்ளே உண்மையில் என்ன நடக்கும்?

செக்ரோல்

மறைக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன். மலையில் நிறுத்த கொழுந்து லொறியில் ஏறி ஃபெக்டரிக்குப் போகும். அங்கே மறுபடி நிறுப்பார்கள். வழியில் ஈரம் காயும், கொஞ்சம் சிந்தும். ஆகவே ஃபெக்டரி எடை எப்போதும் குறைவாகத்தான் நிற்கும். குறைந்தால் துரை என்னையும் கணக்கப்பிள்ளையையும் (மலையில் வேலையை மேற்பார்க்கிறவர்) கூப்பிட்டு, 'மலையில் 1,200 கிலோ எழுதியிருக்கிறாய், இங்கே 1,130 தான் இருக்கிறது, 70 கிலோவுக்கு யார் காசு கொடுப்பது?' என்பார். அந்த ஏச்சு வாங்காமல் இருக்க, நாங்கள் மலையிலேயே முன்கூட்டிக் கழித்துவிடுவோம். மழை நாளில் இன்னும் அதிகமாக. ஒவ்வொரு நிறுவைக்கும் ஆளுக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ. சில நாள் ஃபெக்டரி எடை கூடி நிற்கும். கூடினதைத் திருப்பி எழுதுகிற வழக்கம் நான் இருந்த இடத்தில் இருக்கவில்லை.

நாலரைக் கிலோ, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். அந்தக் கணக்கில் ஈரம் போவது எல்லாருக்கும் தெரிந்த விசயம், அது தொழிலின் செலவு. கொழுந்தெடுக்கிறவர் மேல் அதைப் போட்டதுதான் பிழை. வேலையில் இருந்தபோது இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தப்பொலி

ஐயா எழுதியதை வாசித்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

நான் வேறொரு பொருளுக்கு வருகிறேன். இழையின் முதல் பதிவில் தப்பையும் சேர்த்திருந்தார் அக்கா. விடியற்காலை பெரட்டுக்கு எழுப்ப லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அடித்ததும் அதே தப்புதான், சாவுக்கு அடித்ததும், காமன் கூத்துக்கு அடித்ததும் அதேதான். ஆனால் அடித்தது யார்? எங்கள் ஆட்கள். ஊரில் பறையடிக்க வைத்த சாதியைத் தோட்டத்திலும் அதே வேலைக்கு வைத்தார்கள். பெரிய கங்காணிமார் பெரும்பாலும் மேல்சாதிக்காரர்கள், லயங்களும் சாதி பார்த்தே பிரிக்கப்பட்டன. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எல்லாரும்தான் அடைந்து கிடந்தோம், ஆனால் எந்த லயத்துப் பீலியில் (தண்ணீர்க் குழாயில்) யார் தண்ணி பிடிக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. துரை நம்மை எண்ணினான் என்று மட்டும் எழுதினால் கதை பாதிதான். கப்பலில் சாதியும் டிக்கெட் வாங்காமல் ஏறி வந்தது.

என் மாமா பெரட்டுத் தப்பு அடித்தவர். கடைசிக் காலத்தில் தப்பைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். நான் இன்றைக்கு மேடையில் அடிக்கிறேன். சூடு காட்டித் தோலை இறுக்கும்போதெல்லாம் அவர் முகம் வரும். நாங்கள் இரண்டு பேரும் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

கோத்தகிரிக் குளிர்

தம்பி சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். இங்கே குடியேற்றத்திலும் முதலில் வந்தவர்கள் வரிசை வீட்டில் சாதி பார்த்தே வீடு மாற்றிக்கொண்டார்கள் என்று அம்மா சொல்லும்.

வன்னிப்பாதை

எண்ணிய பொருட்களுக்கு எதிரே நின்ற பொருட்களையும் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது ஒரு துணிமூட்டை. 1920களில் தோட்டத்துக்குள் வெளியாள் நுழையவே முடியாது. முழுத் தோட்டமும் துரையின் தனிச்சொத்து, காலை வைத்தால் அத்துமீறல். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேசத்தில் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்குள் போனார் என்று சொல்வார்கள். சேலை விரித்துக் காட்டுகிற நேரத்தில் சம்பளம், கடன், சங்கம் பற்றிய பேச்சு. 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சங்கம் கட்டினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்குப் பாட்டுதான் துண்டறிக்கை. அவர் பாட்டை அச்சிட்டுச் சின்னப் புத்தகமாகவும் கொடுத்தார். மடித்து முந்தியில் வைத்துக்கொள்ளலாம்.

1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளியைப் பொலிசார் சுட்டுக்கொன்றார்கள். கேட்டது சில சத சம்பள உயர்வு. அந்தப் பெயராவது நமக்குத் தெரிகிறது.

நாணயப்பெட்டி

கோத்தகிரி அம்மா கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். உருப்பெருக்கியில் பார்த்தேன். ஓட்டையின் மேல் ஓரம் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கயிற்றில் நாள்கணக்கில் தொங்கியிருக்க வேண்டும். இத்தனை வருடம் இதை வைத்திருந்தும் நான் எழுத்தையும் எண்ணையும்தான் பார்த்தேன், ஓட்டையைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வில்லைகளை நான் ஏலத்தில் வாங்கினேன். அரிய எழுத்து என்றால் விலை கூடும். ஒரு மனிதரின் கழுத்தில் தொங்கியதை 'நல்ல நிலை', 'சுமாரான நிலை' என்று தரம் பிரித்து வாங்கி விற்றிருக்கிறேன். இதை வைத்திருப்பது சரியா என்று இந்த இழையை வாசித்த பிறகு கேள்வி வருகிறது.

தப்பொலி

அண்ணே, வைத்திருப்பது பிழையில்லை, பூட்டி வைத்திருப்பதுதான் பிழை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்துக் காம்பராக்களையே அருங்காட்சியகமாக்கி, தொழிலாளர் பாவித்த சாமான்களை வைத்திருக்கிறார்கள். கூடை, கம்பளி, விளக்கு, பழைய கடுதாசிகள். அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு லயத்தில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, தலை நிலைப்படியில் இடிக்கும். உங்கள் நான்கு வில்லையின் படத்தையும், முன்பக்கம் பின்பக்கம், எண் தெளிவாகத் தெரியும்படி எடுத்து முதலில் இங்கே போடுங்கள். ஐயாவைப் போன்ற பழைய ஆட்கள் எந்தத் தோட்டத்து எண் என்று கண்டுபிடிக்கலாம்.

மேட்டுலயம்

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது மூங்கில் கூடை குறைவு, அம்மா முதுகில் போடுவது நைலோன் பை. தலையில் மாட்டுகிற கயிறு மட்டும் அதேதான். நெற்றிக்கு மேலே முடி வளராத ஒரு கோடு அம்மாவுக்கு இருக்கிறது, எண்ணெய் வைக்கும்போது என் விரல் அந்தப் பள்ளத்தில் போகும்.

பையைக் கழுவிக் காயவைத்து, தம்பி கேக் செய்ய வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசில் கயிறோடு வைத்தேன். 340 கிராம். பிறகு தண்ணீரில் நன்றாக முக்கிப் பிழியாமல் வைத்தேன். 610 கிராம். அம்மாவுக்கு ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ கழிக்கிறார்கள், மழை நாளில் இரண்டு. காலை, பகல், அந்தி என்று ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மழையில்லாத நாளிலேயே மூன்று கிலோ. 25 நாளுக்கு 75 கிலோ. அம்மா கையை நாடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா?" என்றார். நான் பெருக்கிக் காட்டவில்லை.

1984 வரைக்கும் அதே மலையில் அதே கொழுந்தெடுத்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். அந்த வருடம் வேலைநிறுத்தம் செய்துதான் சமமாக்கினார்கள். அப்போது அம்மா புதிதாகப் பேர் பதிந்த பிள்ளை. 2021இல் 1,000 ரூபாய் வந்தபோது சந்தோசப்பட்டோம், ஆனால் சொன்ன கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். ஒரு கிலோ குறைந்து அரைப்பேரான நாட்களில் தராசில் கழித்த மூன்று கிலோ எங்கே போனது?

செக்ரோல்

மகள், அந்த 340 கிராமையும் 610 கிராமையும் ஒரு கடுதாசியில் திகதி போட்டு எழுதி, உங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் கொடுங்கள். அம்மா மட்டும் கொடுக்க வேண்டாம், அந்த மலையில் கொழுந்தெடுக்கிற பத்துப் பேராவது தங்கள் பையை நிறுத்து எழுதட்டும். கேட்க வேண்டியது மூன்று விசயம். கழிக்கிற எடை எவ்வளவு என்று கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எழுதி ஒட்ட வேண்டும். தராசின் முகம் நிறுக்கக் கொடுப்பவர் பக்கம் திரும்பி இருக்க வேண்டும். அந்தி நிறுவைக்குப் பிறகு அன்றைய மொத்தத்தைச் சீட்டில் எழுதி ஆளின் கையில் கொடுக்க வேண்டும். எங்களிடம் இதைக் கேட்டிருந்தால் மறுக்க எங்களுக்குக் காரணம் இருந்திருக்காது. எப்படி எழுத வேண்டும் என்று தெரியாவிட்டால் எனக்குத் தனியாக எழுதுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கோத்தகிரிக் குளிர்

ஐயா, எங்களுக்கும் ஒன்று எழுதித் தாருங்கள். இங்கே சாக்குக்குக் கழிக்கிறார்கள். நாளைக்கு என் சாக்கை நிறுக்கப்போகிறேன்.

நாணயப்பெட்டி

நான்கு வில்லைகளின் படமும் கீழே இருக்கிறது. முதல் வில்லையின் எழுத்து கொஞ்சம் மங்கல், பகல் வெளிச்சத்தில் சாய்த்து இன்னொன்று எடுத்துப் போடுகிறேன்.